அறுக்கிற மாதிரி

அந்த வருஷம் கருங்குளத்துப்பட்டியில் முதலில் பழுத்தது செவந்தியின் வயல்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊர் வயல்களுக்கு நடுவே மேடுதட்டிக் கிடந்த துண்டு நிலம் அது. நாலு பக்கத்து வயல்களும் குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் குளத்துத் தண்ணீர் அதற்குள் எட்டிப் பார்க்கும். தாகத்தோடு வளர்ந்த பயிர் அவசரமாகக் கதிர் தள்ளி, அவசரமாகப் பழுத்துவிடும். சுற்றிலும் பச்சைப் பசேலென்று பால் பிடித்து நிற்க, நடுவில் அது மட்டும் காமாலை கண்ட பிள்ளை மாதிரி மஞ்சளாகத் தலை தொங்கி நிற்கும்.

பழுத்தது என்பதற்காக அறுத்துவிட முடியாது. அய்யனாருக்கு முதல் கதிர் கட்டாமல் அந்த ஊரில் யாரும் வயலில் அரிவாள் வைப்பதில்லை. நாள் சொல்ல வேண்டியவர் ஊர்த்தலைவர் அழகுமலை அம்பலம். சொன்னால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிற காரியம்தான். அம்பலம் தலைப்பாகை கட்டிக்கொண்டு போவார். பழுத்த வயலில் ஒரு கைப்பிடி அறுப்பார். மண்குதிரையின் கழுத்தில் கட்டிவிட்டு, சாமிக்குச் செய்ததைவிடத் தமக்கே ஏதோ செய்துகொண்ட முகத்தோடு திரும்புவார். மறுநாள் ஊர் அறுக்கலாம்.

அந்தத் தை மாதம் செவந்தி ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று அந்தத் தலைப்பாகையை எதிர்பார்த்தாள். பர்மா அரிசி நின்றுபோய் கீரனூர்ச் சந்தையில் குருணைக்கே அடிபிடியாக இருந்த காலம். வீட்டுக் குதிரின் அடிக்களிமண் தெரிந்துவிட்டது. கறம்பக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் அமராவதி, நிறைவயிறோடு தலைப்பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வேளையும் கேப்பைக்கூழ். அவள் குறை சொல்லவில்லை. மூன்றாவது வேளை சட்டியைக் கையில் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொள்வாள். செவந்திக்கு அது போதும்.

இந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஓவியர் ஆத்மநாதன் வந்து சேர்ந்தார்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் கீரனூர் வரைக்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில். கூடவே ஒரு பெட்டி, மூன்று கால் சட்டம், பெரிய குடை, வெள்ளைத் தொப்பி. தொப்பியைப் பார்த்ததும் அம்பலம், நெல் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று முடிவுசெய்து, பின்கட்டு மூட்டைகளை வைக்கோல் போருக்குள் தள்ளிவிட்டு, முன்கட்டுக்கு வந்து பஞ்சப்பாட்டைத் தொடங்கினார். படம் போட வந்தவர் என்று தெரிந்தபோது அவருக்கு வந்த நிம்மதி சாதாரணமானதல்ல. அந்த நிம்மதியில் ஒரு சேவல் போயிற்று.

ஆத்மநாதன் புதுக்கோட்டை டவுன்காரர்தான். சென்னையில் படித்தவர். பாரிசுக்குப் போக இருந்தவர்; யுத்தம் வந்து கெடுத்துவிட்டது. போய்வந்தவர்கள்கூட பாரிசைப் பற்றி இவ்வளவு பேச மாட்டார்கள். டவுனில் மாசியில் ஒரு கண்காட்சி. சமஸ்தானத்துக் கிராமம் ஒன்றை ‘உள்ளது உள்ளபடி’ படமாக எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார்.

செவந்தியும் அவள் புருஷன் அய்யாக்கண்ணும் நாள் கேட்கப் போனபோது, ஓவியர் அம்பலத்தின் வீட்டு வாசலில் கட்டிலில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“கதிர் முத்திப் போச்சுங்கய்யா. நாள் சொன்னீங்கன்னா…” என்று அய்யாக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கினான்.

“சொல்றேன், சொல்றேன். ஊருல மத்தவனெல்லாம் அரிவாளத் தீட்டிக்கிட்டா நிக்கிறான்? ஒனக்கு மட்டும் என்ன பறக்குது?” என்றார் அம்பலம்.

“அவங்க வயலு பச்சையால்ல நிக்கிது. எங்களுதுதான் காஞ்சு கெடக்குங்க” என்றாள் செவந்தி.

ஓவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த வயல்? நடுவுல இருக்கே, அந்த மஞ்சளா? அதை அறுத்துட்டா நான் எதை எழுதறது? எல்லாம் பச்சை. அந்த மஞ்சள்தாம்மா படத்துக்கே உயிர்.”

“எங்களுக்கும் அதாங்க உயிரு.”

அம்பலம் சிரித்தார். வாய்த்துடுக்கை ரசிக்கிற பெரிய மனுஷச் சிரிப்பு. “கொஞ்சம் பொறு ஆத்தா. படக்காரய்யா முடிச்சுக்கிடட்டும். நெல்லு எங்க ஓடிப்போவுது?”

நெல் ஓடாதுதான். உதிரும். அதைச் சொல்ல செவந்தி வாயெடுப்பதற்குள் அய்யாக்கண்ணு, “அய்யா சொன்னா சரிங்க” என்றுவிட்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. திரும்பி வரும் வழியில் அது இன்னும் கூடிற்று.

“நம்ம வயலு டவுன்ல தொங்கப் போவுது புள்ள. பெரிய பெரிய தொரைமாரெல்லாம் பாப்பாக.”

“தொங்கட்டும். எறக்கி ஒலையில போட முடியுமா?”

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒலை. ஊருல இத்தன வயலு கெடக்கு, நம்மளத எடுத்திருக்காருல்ல?”

செவந்தி நடையை எட்டிப் போட்டாள். கல்யாணமான நாளாக இந்த மனிதனுடைய எதையும் யாரும் எடுத்துக் காட்டிப் பேசியதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஓவியர் வேலை செய்கிற முறையே தனி. காலையில் எழுந்து வயலைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், தூங்கப் போய்விடுவார். உச்சிவெயிலில் உலகம் தட்டையாகிவிடுகிறதாம். மேற்கே மொட்டைப் பாறைக்குன்றின் தோளுக்கு வெயில் இறங்கி, பயிரின்மேல் பக்கவாட்டில் விழுகிற கொஞ்ச நேரம்தான் அவருக்கு வேண்டும். அப்போது ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகப் பற்றிக்கொள்ளும் என்பார். அந்த நேரம் வந்ததும் ஆளே மாறிவிடுவார். ஒரு கண்ணை இடுக்கிக் கட்டைவிரலை நீட்டி அளப்பார். துணி முழுக்க முதலில் செம்மண் நிறத்தைப் பூசி, நிழல்களை வைத்து, வெளிச்சத்தைக் கடைசியில் வைத்தார். பாறைக்கு மட்டும் குளத்து மணலைச் சலித்துச் சாயத்தில் குழைத்தார். தொட்டால் சொரசொரக்க வேண்டுமாம். நெல்லுக்குத் தூரிகையே இல்லை. சின்னக் கத்தியால் மஞ்சளை அள்ளி அப்பினார், வெண்ணெய் தடவுகிற மாதிரி.

“நிழல்னா கறுப்புன்னு நினைக்கிறோம். கறுப்புங்கறதே கிடையாது. அந்த வரப்பு நிழலைப் பாருங்க, ஊதா” என்றார் ஒரு நாள்.

“ஆமாமா, ஊதா” என்றார் அம்பலம். அவர் சாயங்காலமானால் சரிகைத் தலைப்பாகையோடு தூரத்துக் குளக்கரையில் போய் நிற்க வேண்டியிருந்தது. படத்தில் அவரும் உண்டு என்று ஓவியர் சொல்லியிருந்தார். ‘அளவு தெரிய ஒரு ஆள் வேணும்’ என்பதுதான் காரணம். அந்தக் காரணத்தை அம்பலம் கேட்டுக்கொள்ளவில்லை. டவுனில் தம் படம் மாட்டப்படுகிறது என்பது மட்டும் காதில் ஏறியிருந்தது. மீசையை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, மீசை தெரியாத தூரத்தில் தினமும் நின்றார்.

“ஊதாவாம். கத்திரிக்காயாக்கும்” என்று செவந்தி முணுமுணுத்தாள். ஆனால் அன்று மாட்டுக்குப் புல் பிடுங்கி நிமிர்ந்தபோது வரப்பைப் பார்த்தாள். நிழல் ஊதாவாகத்தான் கிடந்தது. இத்தனை வருஷமாக மிதித்து நடந்த நிழல். அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அவளையே கூப்பிட்டுவிட்டார்கள்.

“வயல் வெறும் வயலா இருக்கு. ஒரு மனுஷ ஜீவன் வேணும்” என்றார் ஓவியர். “அரிவாளோட வாங்கம்மா. குனிஞ்சு நில்லுங்க. இடது கையில கதிரைக் கூட்டிப் பிடிங்க. அரிவாளை அடித்தண்டுல வைங்க. அப்படியே. அறுக்கிற மாதிரி.”

செவந்தி அரிவாளை வைத்தாள். பல் தண்டில் பட்டதும் கை தானாக இழுக்கப் போயிற்று.

“அறுத்துடாதீங்க! அறுக்கிற மாதிரிதான்.”

அறுக்கிறவளுக்கு முதுகு வலிப்பதில்லை; உடம்பு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். அறுக்கிற மாதிரி நிற்பவளுக்கு இடுப்பில் ஆணி இறங்குகிறது. குனிந்த தலைக்கு நேர்கீழே பாளம் விட்ட மண். அந்த வெடிப்புகளில் நெல்மணிகள் விழுந்து கிடந்தன. அவள் மூச்சுவிட்டாலும் பிடியிலிருந்து இரண்டு மணி உதிர்ந்தது. காற்றடித்தால் வயல் முழுக்கச் சலசலவென்று ஒரு சத்தம். ஓவியர் அதை சங்கீதம் என்றார்.

கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின. அய்யாக்கண்ணு தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

“விரட்டாதீங்கப்பா. மஞ்சள்ல அந்தப் பச்சை எவ்வளவு அழகா உட்காருது பாருங்க.”

அய்யாக்கண்ணு தகரத்தைக் கீழே வைத்தான்.

“தட்டுங்க” என்றாள் செவந்தி, குனிந்தபடியே.

“அய்யா வேணாங்குறாருல்ல.”

“அய்யா வயலா அது?”

“தலையைத் தூக்காதீங்கம்மா” என்றார் ஓவியர்.

இப்படியே சில சாயங்காலங்கள். படம் முடிகிறது முடிகிறது என்றிருந்த சமயத்தில் மஞ்சள் தீர்ந்துபோயிற்று. ஓவியர் சாயக் குழலை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்தார்; பெட்டியின் விளிம்பில் வைத்துத் தேய்த்தார். வரவில்லை. சீமையிலிருந்து வருகிற சரக்கு, யுத்தத்தில் கப்பலே வருவதில்லை, சென்னையில் ஒரு சிநேகிதரிடம் இருக்கிறது, தந்தி கொடுத்திருக்கிறாராம், பஸ்ஸில் வருமாம்.

“மஞ்சதானே அய்யா?” என்றாள் செவந்தி. “நான் அம்மியில அரச்சுக் கொண்டாரேன். எவ்வளவு வேணும்?”

ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்பலமும் சிரித்தார். சற்றுப் பொறுத்து அய்யாக்கண்ணுவும் சிரித்தான். செவந்தி வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

“அப்ப அது வர்ற வரைக்கும்?”

“வர்ற வரைக்கும் நிக்கட்டும்” என்றார் அம்பலம். “படக்காரய்யா ஒண்ணும் சும்மா கெடக்கல. நம்ம ஊருப் பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னு பாடுபடுறாரு. நீ என்னடான்னா சோத்தப் பத்தியே பேசுற.”

“வயித்துப்புள்ளக்காரி வீட்டுல இருக்காய்யா.”

“எந்த வீட்டுல இல்ல?”

குழலைத் தேடி ஓவியர் கீரனூருக்குப் போன சாயங்காலம், குளக்கரையில் தலைப்பாகை இல்லை. அய்யாக்கண்ணு மாட்டைப் பிடித்துக்கொண்டு பாறைப்பக்கம் போயிருந்தான். செவந்தி வயலுக்குள் இறங்கினாள். கிழக்கோரத்தில், பனைமர நிழல் விழுகிற மூலையில் குனிந்தாள். இடது கையில் கூட்டிப் பிடித்தாள். அரிவாளை அடித்தண்டில் வைத்தாள். இந்தத் தடவை இழுத்தாள்.

நாலைந்து பிடிதான். முந்தானையில் சுருட்டிக் கொண்டுவந்து, சாக்கை விரித்துக் காலால் தேய்த்து, வறுத்து, குத்திப் புடைத்து உலையில் போட்டாள். வரப்பு நண்டு இரண்டைத் தட்டி ரசம். புதுநெல்லுச் சோற்று வாசனை தெருவுக்குப் போய்விடக்கூடாதென்று கதவைச் சாத்தினாள். அமராவதி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

“ஏத்தா, நாள் சொல்லிட்டாங்களா?”

“சாப்புடு.”

“சொல்லலையா?”

“புள்ள கேக்குதா, நீ கேக்குறியா? சாப்புடு.”

அந்த ஊரில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் மறுநாள் மஞ்சள் குழலோடு திரும்பிய ஓவியர், சட்டத்துக்கு முன்னால் நின்று கண்ணை இடுக்கிய மாத்திரத்தில், “இங்க ஒரு ஓட்டை விழுந்திருக்கே” என்றார். படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். “பனைநிழல் மூலையில ஒரு கத்தை குறையுது. நேத்து இருந்தது.” அவர் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். அவ்வளவு சுத்தமான கண்.

அம்பலம் குளக்கரையிலிருந்து விறுவிறுவென்று வந்தார். மூலையில் வெட்டுத் தாள்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

“எவன் கை வச்சது?”

“நான்தான்” என்றாள் செவந்தி.

“சாமிக்கு முன்னால?”

“சாமிக்கு நாள் சொல்ல வேண்டியவரு குடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.”

அய்யாக்கண்ணு பதறிக் கைகூப்பினான். “பொம்பளப் புத்திங்கய்யா. மன்னிச்சுக்கிடுங்க. எனக்குத் தெரியாதுங்க.”

செவந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சோற்றில் அவனும்தான் பங்குக்கு உட்கார்ந்தான். எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சரி, சரி. அதை நான் நிரப்பிக்கறேன். நேரம் போகுது, எல்லாரும் இடத்துக்குப் போங்க” என்றார் ஓவியர். அம்பலம் கோபத்தை மடித்து வைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனார். செவந்தி குனிந்து நின்றாள். கத்தி துணியில் மஞ்சளை அப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி அப்பு அப்பி அவர் பின்னால் நகர்ந்தபோது கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தையில் அந்தப் பக்கம் மழை வருவது அபூர்வம். குளிர்ந்த காற்று ஒன்று பயிரைத் தடவிக்கொண்டு போயிற்று. முதல் சொட்டு தொப்பியில் விழுந்ததும் ஓவியர், “படம்! படம்!” என்று அலறினார்.

ஓடினவன் அய்யாக்கண்ணு. தன் தோள்துண்டை உதறி விரித்துப் படத்தின்மேல் படாமல் பிடித்து, குழந்தையைத் தூக்குகிற பதத்தில் தூக்கிக்கொண்டு, வரப்பில் தடுமாறாமல் கால்விரலை ஊன்றி ஊன்றி அம்பலத்தின் வீட்டுக்கு ஓடினான். பின்னால் ஓவியர் குடையோடு. அதற்கும் பின்னால் தலைப்பாகையை மடியில் கட்டிக்கொண்டு அம்பலம். படத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மெழுகுத்துணியில் சுற்றி, உத்தரத்துக்குக் கீழே ஒழுகாத இடம் பார்த்து வைத்தார்கள்.

செவந்தி அரிவாளோடு வயலில் நின்றாள். மழை வலுத்தது. பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது, கூட்டமாக யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரி. அறுக்க இனி யாரும் தடை சொல்லப் போவதில்லை. அறுக்கத்தான் ஒன்றும் நிற்கவில்லை.

மூன்று நாள் கழித்து மழை விட்டபோது மணி எல்லாம் சேற்றில் முளைவிட்டிருந்தது. சுற்றியிருந்த பச்சை வயல்களுக்கு அது பொன்னான மழை. பால் பிடித்த கதிரெல்லாம் திரண்டுகொண்டன. அதிலேயே அம்பலத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்னார்: “ஒரே மழை. அம்புட்டுப் பேரு வயலும் தெளிஞ்சிருக்கு. ஒரு வயலு மட்டும் அழுகியிருக்கு. அய்யனாருக்குக் கண்ணில்லைன்னு இனி எவனாவது சொல்லுவானா?” குற்றத்துக்குச் செவந்திமேல் தண்டம்: ஒரு சேவலும், புதுநெல் ஒரு மரக்காலும்.

முளைவிட்ட நெல்லைக் கொண்டுபோனாள். சாமிக்கு ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். பிறகு அம்பலத்தின் வயல் பழுத்து, முதல் கதிர் கட்டி, ஊர் அறுப்பில் செவந்தியும் கூலிக்கு இறங்கினாள். முதல் நாள் கூலிநெல் அப்படியே அய்யனாருக்குப் போயிற்று.

ஓவியர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். போகும் அன்று காலை சேற்றில் படுத்திருந்த அவள் வயலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இந்தச் சாம்பல்ல எத்தனை சாம்பல் இருக்கு பாருங்க. இதையும் எழுதணும், நேரமில்லை” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மாசியில் அமராவதிக்குப் பெண் பிறந்தது. அந்த வாரம் அம்பலம் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குக் கண்காட்சி பார்க்கப் போனார். பின்னால் வைக்கோல்மேல் அய்யாக்கண்ணு. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தான். செவந்தி அடுப்பில் முளைநெல்லுக் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள். குத்தினால் குருணையாக நொறுங்கி, கொதித்தால் பசையாக இறுகி, ஒரு புளித்த வாடை வீசுகிற கஞ்சி.

“பாத்தீகளா?”

“பாத்தேன். இம்மாம் பெருசு. தங்கச் சட்டம். கீழ ‘செழிப்பு’ன்னு எழுதியிருக்காம், அங்க ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு.”

“அம்பலம் எப்பிடி இருக்காரு படத்துல?”

அய்யாக்கண்ணு கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “குளக்கரையில வெள்ளையா ஒரு இழுப்பு. நகத்தளவு. இது யாருன்னு அவரே கேட்டாரு. அது கொக்குன்னுட்டாங்க.”

உள்ளே அமராவதி சிரிக்கிற சத்தம் கேட்டது. செவந்தி சிரிக்கவில்லை.

“நான் நிக்கிறேனா?”

“நிக்கிற. குனிஞ்சு நிக்கிற. மொகம் தெரியல.”

“நான் அறுத்த மூலை?”

“அங்கயும் கதிரு நிக்கிது புள்ள. அடச்சுப்புட்டாரு. ஒரு மணி உதிரல, ஒரு தாளு சாயல.”

செவந்தி அகப்பையை நிறுத்தினாள். “எவ்வளவு தேறும்?”

அவன் யோசிக்கவே இல்லை. படத்துக்கு முன்னால் நின்று பார்த்தே வைத்திருந்தான். “பன்னெண்டு கலத்துக்குக் கொறையாது.”

“அந்தத் துண்டு என்னைக்குப் பன்னெண்டு கலம் கண்டுச்சு?”

“அதுல கண்டிருக்கு” என்றான் அய்யாக்கண்ணு. குரலில் அந்தப் பழைய பெருமை கொஞ்சம் மிச்சமிருந்தது.

செவந்தி சட்டியைச் சாய்த்தாள். கஞ்சி ஒழுகவில்லை, ஒரே கட்டியாகத் தட்டில் விழுந்தது. உள்ளே கொண்டுபோய் மகளிடம் நீட்டினாள். அமராவதி கையில் வாங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள்.